காயும் பட்டியா, இறுகும் பட்டியா? சுவர் ஒட்டுவேலைக்கு எதை வாங்குவது

எங்கள் வீட்டுக்கு இரண்டு வயது. தெருவைப் பார்த்த பாதி 1928இல் கட்டியது. பின்னால் இருக்கும் சமையலறையும் அதற்கு மேலுள்ள படுக்கையறையும் 1985இல் யாரோ சேர்த்துக் கட்டியவை. நியூ ஜெர்சியின் பழைய ரயிலடி ஊர்களில் இப்படிப் பாதி தாத்தா, பாதி பேரனாக நிற்கும் வீடுகள் நிறைய உண்டு. முன்பாதிச் சுவரைத் தட்டினால் கனமாகத் 'தொம்' என்று கேட்கும். மர ரீப்பர்களை வரிசையாக அடித்து, அவற்றின் மேல் பூசிய ப்ளாஸ்டர் அது. பின்பாதியைத் தட்டினால் 'டொக்'. அது டிரைவால்; இரண்டு கெட்டிக் காகிதங்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துச் செய்த பலகை.

சென்ற குளிர்காலம் முடிந்தபோது இரண்டு பாதியும் ஒரே சமயத்தில் வேலை வைத்தன. பின்னறையில் கதவுக் குமிழ் இடித்து முஷ்டி அளவுக்கு ஓட்டை. மாடி அறையில் நாலைந்து ஆணித் தலைகள் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன. முன்கூடத்துக் கதவு நிலைக்கு மேலே சாய்வாக ஒரு விரிசல். அப்புறம், பழைய சுவர் விளக்கைக் கழற்றிய எலக்ட்ரீஷியன் விட்டுப் போன உள்ளங்கை அகலப் பள்ளம் ஒன்று. ஆழம் முக்கால் அங்குலம், உள்ளே ரீப்பர் தெரிந்தது.

சரி, நாமே செய்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். ஹோம் டிப்போவில் அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: பச்சை மூடி வாளி, நீல மூடி வாளி, சின்ன டப்பா, 5, 20, 45, 90 என்று எண் போட்ட பவுடர் மூட்டைகள், பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் இன்னொரு மூட்டை. சின்ன டப்பாவைத் தவிர எல்லாவற்றின் மேலும் ஜாயின்ட் காம்பவுண்ட் என்றுதான் எழுதியிருக்கிறது. வேலைக்காரர்கள் வாயில் அது வெறும் 'மட்', அதாவது சேறு. நம் ஊர் பெயின்டர்கள் பார்க்கும் பட்டிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்பதால் நான் பட்டி என்றே எழுதுகிறேன்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

மூடியின் நிறத்தையும் கம்பெனிப் பெயரையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள். அந்த வரிசையில் இருப்பது இரண்டே ஜாதி. ஒன்று காயும், இன்னொன்று இறுகும்.

வாளியில் குழைத்து வருவது காயும் ஜாதி. அதில் பெரும்பகுதி அரைத்த சுண்ணாம்புக்கல், கொஞ்சம் பசை, மீதி தண்ணீர். தண்ணீர் காற்றில் போனதும் பசை துகள்களைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் இருந்த இடம் காலியாவதால் பட்டி சுருங்கும். தடவும்போது சுவரோடு சமமாக இருந்தது மறுநாள் காலையில் குழிந்திருக்கும். கால் அங்குலத்துக்கு மேல் ஆழமான இடத்தில் ஒரே தடவையாக அப்பினால், வற்றிய ஏரியின் சேறு போல வெடித்துவிடும். காய எடுக்கும் நேரமும் வானிலையின் கையில். ஒரு கோட், அதாவது ஒரு தடவைப் பூச்சு, காய ஒரு நாள் என்று கணக்கு வைக்கலாம். ஜூலை மாதப் புழுக்கத்தில் அதற்கு மேலும் ஆகும்.

பவுடராக வருவது இறுகும் ஜாதி. ஜிப்சம் என்ற கல்லுக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டிருக்கிறது. அதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சும் பவுடர்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸில் மோன்மார்த்ர் குன்றில் தோண்டிய ஜிப்சத்தால் வந்த பெயர். அந்தப் பவுடரில் மறுபடி தண்ணீர் விட்டால், இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. காற்றுக்கு இதில் வேலையே இல்லை. தண்ணீருக்கடியில் இருந்தாலும் இறுகும். இறுகும்போது சூடும் கிளம்பும். வாளியின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இங்குள்ள ஆட்கள் இதை 'ஹாட் மட்' என்று சொல்கிறார்கள்.

அப்போது ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். திண்டிவனம் பக்கத்து மனிதர். சுவரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது அட்டைதானே? இதுக்குள்ளயா அஞ்சு பேர் குடும்பம் நடத்துறீங்க?" என்றார். உள்ளே இருப்பது ஜிப்சம் என்றதும் முகம் மாறியது. "கடலைக்குப் போடுற ஜிப்சமா?" அதேதான். நிலக்கடலைக்குக் களையெடுத்து மண் அணைக்கும்போது, காய் திரட்சியாக வருவதற்கு ஏக்கர் கணக்கில் இறைக்கிற அதே சரக்கு. சுடாமல் அரைத்தால் வயலுக்கு, சுட்டு அரைத்தால் சுவருக்கு.

அவருடைய அடுத்த யோசனை ஒயிட் சிமென்ட். நம் ஊர்ச் செங்கல் சுவருக்கு, சிமென்ட் பூச்சின் மேல், ஒயிட் சிமென்ட் பட்டி சரியான மருந்துதான். ஜிப்சத்தின் மேல் அதைப் போடக் கூடாது. ஈரம் பட்டால் சிமென்ட்டும் ஜிப்சத்தில் உள்ள சல்பேட்டும் சேர்ந்து புதுப் படிகங்கள் உருவாகி உப்பும். பூச்சு ஏடு ஏடாகக் கழன்றுவிடும். இன்னொரு வேறுபாட்டையும் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் மறுநாள் காலையில் அவர் செம்பில் தண்ணீரோடு சுவர் பக்கம் நின்றிருந்தார். சிமென்ட்டுக்குத்தான் க்யூரிங் வேண்டும். ஜிப்சம் தனக்கு வேண்டிய தண்ணீரைக் கலக்கும்போதே எடுத்துக்கொண்டுவிடும். அதன் பிறகு அதைக் காயவிடுவதுதான் உபகாரம்.

வாளிகளுக்குள் தேர்வு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பச்சை மூடி என்பது யுஎஸ்ஜி கம்பெனி ஷீட்ராக் என்ற பெயரில் விற்கும் பழைய ஆல் பர்ப்பஸ். பசை அதிகம், கனம் அதிகம், பலகைகள் சேரும் இடத்திலும் விரிசல் மேலும் ஒட்டுகிற டேப்பை நன்றாகப் பிடிக்கும். பதிலுக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தோள் வலிக்கும். நீல மூடி அதே கம்பெனியின் பிளஸ் 3. எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, சுருக்கமும் குறைவு, தேய்க்க வெண்ணெய். டாப்பிங் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. பசை மிகவும் குறைவு, கடைசிக் கோட்டுக்கு மட்டும் லாயக்கு, அதை வைத்து டேப் ஒட்டவே கூடாது. நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்பவர்கள் மூன்றையும் வண்டியில் வைத்திருப்பார்கள். நாலு ஓட்டை அடைக்கும் நமக்கு நீல மூடியே போதும், அதிலும் சின்ன வாளி. நாலரை கேலன் பெரிய வாளி விலையில் லாபமாகத் தெரியும். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துத் தூக்கி எறியும்போதுதான் அந்த லாபத்தின் கணக்கு புரியும்.

படம் மாட்டிய ஆணி ஓட்டைக்கு இவை எதுவுமே வேண்டாம். ஸ்பேக்கிள் என்ற சின்ன டப்பா போதும். காற்றடைத்த மாவு போல இருக்கும், விரலால் அழுத்தி வழித்துவிட்டு அரை மணியில் பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அதை டேப்புக்கு அடியிலோ பெரிய ஓட்டையிலோ போட ஆசைப்படாதீர்கள், பலமே கிடையாது.

பவுடரில் இரண்டு குணம்

பவுடர் மூட்டையின் மேலுள்ள எண் நிமிடக் கணக்கு. 20 என்றால் சுமார் இருபது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். இது தோராயம்தான். 45 என்று எழுதியிருப்பதை அரை மணிக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும். பழைய மூட்டை சொன்ன நேரத்துக்கு நடக்காது. வெந்நீர் வேகப்படுத்தும், குளிர்ந்த நீர் கொஞ்சம் தாமதப்படுத்தும்.

முதல் தடவை நான் 20 வாங்கினேன். சீக்கிரம் முடியுமே என்ற பேராசை. கையிலிருந்த பாதி மூட்டையையும் ஒரே வாளியில் கலந்து, ஏணியில் ஏறி, இரண்டாவது ஆணித் தலையை மூடுவதற்குள் பட்டித் தகட்டில் கட்டி தட்டத் தொடங்கியது. கீழே வந்து பார்த்தால் வாளிக்குள் அரை அடிக்கு வெள்ளைக் கல். தண்ணீர் விட்டு இளக்கினேன். இளகியது போலவே நடித்தது. சுவரில் போட்டது மறுநாள் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. படிகம் பின்ன ஆரம்பித்த பிறகு கிளறினால் பின்னல் அறுந்துவிடும்; மறுபடி பின்னாது. திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியாது என்பது போலத்தான். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் கட்சி 45. கை பழகிய பிறகு, ஒரே நாளில் மூன்று கோட் முடிக்க வேண்டியிருந்தால் 20 பக்கம் போகலாம். 5 என்பது ஏற்கெனவே பட்டித் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கலக்குபவர்களுக்கு. 90 பெரிய அறை முழுக்க டேப் ஒட்டுபவர்களுக்கு.

நிமிடத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: தேய்க்க வருமா, வராதா? ஷீட்ராக் வரிசையில் ஈஸி சேண்ட் என்பது தேய்க்க வருவது. எடை குறைவு, 18 பவுண்டு மூட்டை. அதே கம்பெனியின் டூராபாண்ட் என்ற பழுப்பு மூட்டை 25 பவுண்டு. அது இறுகினால் கருங்கல். உப்புத்தாளைத்தான் அது தேய்க்கும், உப்புத்தாள் அதைத் தேய்க்காது. ஆகவே டூராபாண்டைச் சுவர் மட்டத்துக்குக் கொஞ்சம் உள்வாங்கியே நிறுத்த வேண்டும். மேலே மேடாக விட்டுவிட்டால், அதை ஒளிக்க அகலமாக இன்னும் இரண்டு கோட் நீல மூடி போட வேண்டிவரும். பதிலுக்கு அந்தப் பிடிப்பும் பலமும் வேறு எதிலும் இல்லை. எங்கே அது வேண்டும் என்பதை ப்ளாஸ்டர் பகுதியில் சொல்கிறேன்.

கலக்கும் பதம்

சமையலறையில் கை பழகியவர்களுக்கு இந்த வேலை பாதி தெரிந்த மாதிரிதான். முதலில் தண்ணீர், அதன் மேல் பவுடர். மாற்றிச் செய்தால் அடியில் உலர்ந்த மாவு ஒட்டிக்கொண்டு கடைசிவரை கட்டி கட்டியாக வரும். கேப்பைக் களி கிளறியவர்களுக்கு விளக்க வேண்டாம். மூட்டையில் அளவு போட்டிருக்கும். கொஞ்சமாகக் கலக்கும்போது நான் ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சுமார் இரண்டு டம்ளர் பவுடர் என்று தொடங்கி, பதம் பார்த்துச் சரிசெய்கிறேன். ஒரு நிமிடம் கலக்கி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மறுபடி கலக்கினால் மிச்சமிருக்கும் குருணையும் கரைந்துவிடும்.

பள்ளத்தை அடைக்க இட்லி மாவைவிடக் கெட்டியாக, பட்டித் தகட்டைச் சாய்த்தாலும் வழியாத பதம். டேப்புக்கு அடியில் இட்லி மாவுப் பதம். கடைசிக் கோட்டுக்குத் தோசை மாவுக்குக் கொஞ்சம் முன்னால். வாளிப் பட்டி நேராகக் கடைசிக் கோட்டுக்குக் கெட்டி. ஒரு கிண்ணத்தில் எடுத்து ஓரிரு கரண்டி தண்ணீர் விட்டு அடித்துக்கொண்டால் தகடு வழுக்கிக்கொண்டு போகும். முழு வாளியிலும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், டேப் ஒட்ட மறுபடி கெட்டியாக வேண்டும்போது வழியில்லை.

டிரில்லில் கலக்கும் கம்பியை மாட்டினால் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வேகமாகச் சுற்றினால் காற்று புகுந்து, சுவரில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். குழிகள் வந்துவிட்டால், மறுநாள் கொஞ்சம் இளக்கமான பட்டியை அழுத்தி வழித்தெடுங்கள். அது போதும்.

சுத்தத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டும். முந்தைய கலவையின் துணுக்கு வாளியில் ஒட்டியிருந்தால், அந்தப் பழைய படிகமே புதிய கலவைக்கு உறை மோராகிவிடும். 45 நிமிடச் சரக்கு பதினைந்து நிமிடத்தில் இறுகும். உறை ஊற்றாமல் பால் தயிராகுமா? அதே கதை. மெல்லிய பிளாஸ்டிக் அல்லது ரப்பர் கிண்ணத்தில் கலக்கினால், இறுகிய மிச்சத்தை அமுக்கி உடைத்து உதிர்த்துவிடலாம். கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. தண்ணீருக்கடியிலும் இறுகும் என்று முன்னால் சொன்னேனே, குழாய் வளைவிலும் அது இறுகும். நான் ஒரு பழைய வாளியில் கழுவி, மண்டியைத் தெளியவிட்டு, கெட்டியைக் குப்பையில் போடுகிறேன்.

வாளிப் பட்டியையும் பவுடரையும் சேர்த்துக் கலக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சிலர் செய்கிறார்கள், சீக்கிரம் காயும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. எந்த விகிதத்தில் எப்போது இறுகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாத சரக்கை ஏணி மேல் வைத்துக்கொண்டு நிற்பானேன்?

டேப்பும் பட்டியும் ஜோடி

வாங்கும் முடிவில் மக்கள் சறுக்கும் இடம் இது. காகித டேப் இருக்கிறது, பின்னால் பசை தடவிய வலை டேப் இருக்கிறது. வலை டேப் ஒட்ட சுலபம், அதனால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் வலை இழுத்தால் கொஞ்சம் நீளும். அந்த அசைவைத் தாங்க மேலே உள்ள முதல் கோட் கெட்டியாக இருக்க வேண்டும். வாளிப் பட்டிக்கு அந்தக் கெட்டி கிடையாது. ஆக வலை டேப் என்றால் முதல் கோட் பவுடர்தான். காகித டேப் இரண்டோடும் ஒத்துப்போகும், அடியில் பட்டி போதுமான அளவு இருந்தால். இல்லாவிட்டால் அப்பளம் போலக் கொப்புளம் எழும்பும்.

கூடத்து விரிசலைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரை அழைத்துச் சரிசெய்திருந்தோம். அவர் வலை டேப் ஒட்டி, மேலே நேராக வாளிப் பட்டியைத் தடவினார். பார்க்கப் பளிங்கு போல இருந்தது. ஜனவரியில் ஹீட்டர் ஓடி, வீட்டு மரமெல்லாம் காய்ந்து சுருங்கியதும், அதே இடத்தில் அதே சாய்வில் கோடு திரும்பி வந்தது. சுரண்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது.

பழைய ப்ளாஸ்டரின் நியாயம்

டிரைவாலுக்கு இப்படி ஒரு பெயர் வந்ததே ஈரப்பூச்சு இல்லாமல் சுவர் எழுப்ப முடிந்ததால்தான். அகஸ்டின் சாக்கெட் தன் ஜிப்சம் பலகைக்கு 1894இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவசர அவசரமாக வீடுகள் கட்டியபோதுதான் அமெரிக்கா முழுக்க அது பூச்சுக்காரரை வெளியே அனுப்பியது. எங்கள் முன்பாதி அதற்கு முந்தையது. ரீப்பர்களின் இடுக்கு வழியே பூச்சு பின்பக்கம் பிதுங்கிக் கொக்கி போலப் பிடித்திருக்கும். அதன் மேல் இரண்டாவது பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு.

அதனால் விரிசலைப் பார்த்ததும் பட்டியைத் தேடக் கூடாது. முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். சுவர் உள்ளே போய் வந்தால், அல்லது தட்டும்போது பொக்கென்று கேட்டால், பின்னால் இருக்கும் கொக்கிகள் உடைந்துவிட்டன. அங்கே எந்தப் பட்டி போட்டாலும் வீண். ஓட்டைகள் நிறைந்த அகலமான வாஷர்களை வைத்து ஸ்க்ரூவால் ரீப்பரோடு இழுத்துப் பிடித்த பிறகுதான் மேல்வேலை.

எங்கள் விரிசல் கெட்டியான இடத்தில்தான் இருந்தது. பழைய டேப்பைப் பிய்த்து, விரிசலைக் கத்தியால் சற்று அகலமாக்கி, தூசியைத் துடைத்து, டூராபாண்ட் 45ஐ உள்ளே அழுத்தி, வலை டேப், அதன் மேல் மெல்லிதாக இன்னொரு டூராபாண்ட். மேடு நிற்காமல் ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டேன். கடைசி இரண்டு கோட் நீல மூடி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சாண் அகலமாக. சுவர் அசையும் இடத்தில் கெட்டியானதை அடியிலும், தேய்க்க வருவதை மேலேயும் வைப்பது; இந்த ஒரு வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும்.

விளக்குப் பள்ளம் வேறு பாடம் நடத்தியது. சோம்பலில் முதலில் அங்கே வாளிப் பட்டியைத்தான் அப்பினேன். நாலாம் நாளும் விரல் வைத்தால் பதிந்தது. ஒரு வாரம் கழித்துக் காய்ந்து, நடுவில் தொப்புள் போலக் குழிந்து, சுற்றிலும் வெடித்திருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். பழைய ப்ளாஸ்டரும் உலர்ந்த ரீப்பரும் தாகத்தில் இருப்பவை; புதிய பட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும். படிகம் பின்ன வேண்டிய தண்ணீர் போய்விட்டால் ஓரம் உதிரும். அதற்காகத்தான் பிளாஸ்டர்வெல்ட் போன்ற இளஞ்சிவப்பு ஒட்டுத் திரவங்கள். பிரஷ்ஷால் தடவி, ஒரு மணி நேரம் காயவிட்டு, மேலே பூசலாம். அது கையில் இல்லாவிட்டால் விளிம்புகளை நன்றாக நனைத்துவிட்டாவது பூச வேண்டும்.

நிரப்புவதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்ட்ரக்டோலைட் என்ற, பெர்லைட் எனும் லேசான குருணை கலந்த அடிப்பூச்சு; ஆழமான ப்ளாஸ்டருக்குப் பிறவிச் சொந்தம், ஆனால் 50 பவுண்டு மூட்டையாகத்தான் கிடைக்கிறது. அறைச் சுவரே விழுந்தவர்கள் வாங்கலாம், உள்ளங்கைப் பள்ளத்துக்கு 50 பவுண்டா? இரண்டாவது, பள்ளத்தைச் சதுரமாக வெட்டி டிரைவால் துண்டைப் பொருத்துவது. ஒரு சாணுக்கு மேல் அகலமான ஓட்டை என்றால் நானும் இதையே செய்வேன். மூன்றாவது, டூராபாண்டை இரண்டு அடுக்காகப் போடுவது. முதல் அடுக்கைக் கீறிவிட்டு, இறுகியதும் இரண்டாவது. ஏற்கெனவே விரிசலுக்கு வாங்கிய மூட்டை இருந்ததால் முடிவு தானாக அமைந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்கு முன் சுவர் மட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. இறுகும் ஜாதியின் பெரிய வசதி இது: உள்ளே ஈரம் இருந்தாலும் இறுகியவுடன் அடுத்த கோட் போடலாம். தேய்ப்பதற்கும் பிரைமருக்கும் மட்டும் முழுதாகக் காய வேண்டும்.

பின்னறையின் கதவுக் குமிழ் ஓட்டைக்கு டூராபாண்ட் அதிகப்படி. ஓட்டையைச் சதுரமாக வெட்டி, உள்ளே ஒரு மரத்துண்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, டிரைவால் துண்டை அதில் பொருத்தினேன். ஓரங்களில் காகித டேப், ஈஸி சேண்ட் 45 ஒரு கோட், பிறகு நீல மூடி இரண்டு கோட். அவசரமே இல்லாதவர்கள் காகித டேப்போடு மூன்று கோட்டும் நீல மூடியிலேயே முடிக்கலாம். மூன்று நாள் ஆகும், தப்பில்லை. ஆணித் தலைகளுக்குப் பட்டியைவிட ஸ்க்ரூதான் முக்கியம். சட்டத்தின் மரம் காய்ந்து சுருங்கியதால் வெளியே வந்தவை அவை. மேலும் கீழும் இரண்டு அங்குலத்தில் ஸ்க்ரூ இறக்காமல் பட்டி மட்டும் பூசினால் அடுத்த வசந்தத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும்.

உப்புத்தாளை எடுப்பதற்கு முன்

இதைக் கடைசியில் எழுதினாலும் செய்ய வேண்டியது முதலில். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஒட்டுப்பட்டிகளை அமெரிக்கா 1977இல்தான் தடை செய்தது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 1978இல் தடையானது. அதற்கு முந்தைய வீடு என்றால், பழைய பட்டியையும் பெயின்ட்டையும் உலர் தேய்ப்பு தேய்ப்பதற்கு முன் ஒரு துண்டைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள். குழந்தை தவழும் வீட்டில் இதில் சமரசம் கூடாது. எங்கள் முன்கூடத்தில் பெயின்ட்டின் அடி அடுக்குகளில் ஈயம் இருந்தது. அதனால் அங்கே உப்புத்தாளே எடுக்கவில்லை. ஈர ஸ்பாஞ்சால் வழித்தே முடித்தேன். நீல மூடிக்கு ஈர ஸ்பாஞ்ச் கேட்கும், டூராபாண்டுக்குக் கேட்காது. மேல் கோட் எது என்று தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

புது வீடாக இருந்தாலும் பட்டித் தூசியில் நுரையீரலுக்கு ஆகாத சிலிக்காத் துகள் இருக்கலாம். என்95 மாஸ்க் போடுங்கள். தேய்த்து முடித்ததும் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால், பட்டி போட்ட இடம் மட்டும் மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆக, டிரைவால் வீட்டில் இருப்பவர் கடைக்குப் போனால் ஈஸி சேண்ட் 45 ஒரு மூட்டை, நீல மூடி சின்ன வாளி, காகித டேப் ஒரு சுருள். ப்ளாஸ்டர் வீடு என்றால் ஈஸி சேண்டுக்குப் பதில் டூராபாண்ட் 45, கூடவே வலை டேப், ஒட்டுத் திரவம். என்னைப் போல இரண்டும் கலந்த வீடு என்றால் அழுதுகொண்டே இரண்டு மூட்டையும் வாங்க வேண்டியதுதான். பெரிய செலவில்லை, வைக்கத்தான் இடம் வேண்டும்.

மிச்சப் பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, வாங்கிய மாதத்தை மேலே எழுதி வைத்திருக்கிறேன். ஈரக்காற்றை உறிஞ்சிவிட்டால் எப்போது இறுகும் என்று சொல்ல முடியாது. வாளியில் மிஞ்சிய பட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் படிய அழுத்தி மூடியிருக்கிறேன். அக்டோபரில் அதை கராஜிலிருந்து வீட்டுக்குள் எடுத்து வர வேண்டும், உறைந்தால் கெட்டுவிடும். அப்பா ஊருக்குப் போகும் முன் விளக்குப் பள்ளம் இருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். 'தொம்' என்றது. பிறகு பின்னறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் தட்டினார். "இங்க மட்டும் அட்டைதான்மா" என்றார். அந்தக் கதவுக்கு ஒரு ரப்பர் தடுப்பு வாங்கி மாட்டிவிட்டேன்.